மரியநாயகம் அங்கிளுக்கு எழுதிக் கொடுத்த பால்

13 மார்ச் 2023, திங்கள்

என் அறையை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். இப்போது மருந்தகத்துக்குப் பக்கத்தில், முன்பு வீல்சேர் நிறுத்தி வைத்திருந்த மூலை. கதவில் பெயர்ப்பலகை இல்லை. பேஷண்டுகள் தலையை நீட்டி, "ஸ்டோர் ரூமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். 'உணவியலாளர்' என்று ஒரு தாளில் அச்சடித்து நானே ஒட்டலாம்தான். யாரிடம் கேட்டு ஒட்டுவது என்று தெரியாததால் ஒட்டவில்லை.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பயிற்சிக்கு வந்த பெண் மாதிரிதான் சுவரோரமாக நடக்கிறாய் என்கிறார் மிஸ் வாணி. அவர் எங்கள் பிரிவின் தலைவர். சொல்வது உண்மைதான். சுவரோரமாக நடந்தால் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை.

இன்று பார்த்தவர்களில் ஒருவர் மனதில் நிற்கிறார். மரியநாயகம், எழுபத்திரண்டு வயது, வீடு பிரிக்பீல்ட்ஸ் பக்கம். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெருங்குடலில் கட்டி. பிப்ரவரியில் எங்கள் வார்டிலேயே நிமோனியாவில் கிடந்தார். சர்ஜன் டாக்டர் யுகேந்திரன் எழுதியிருப்பது: கட்டி பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இந்த உடம்பு இப்போது ஆபரேஷனைத் தாங்காது. ஈஸ்டர் கழித்துச் செய்யலாம், அதற்குள் எடை ஏற வேண்டும்.

எடை ஏற்றுவது என் வேலை.

வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கி வழுக்கி முழங்கைப் பக்கம் போகிறது, அவர் இழுத்து இழுத்து விடுகிறார். மகள் உர்சுலா கூட வந்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் அவர் தலையாட்டினார், மகள்தான் பதில் சொன்னார். மாஸ்க்குக்குள் அவர் எப்போதாவது எதையாவது சொன்னால் பாதி புரியவில்லை. திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். திரும்பச் சொல்ல அவருக்கும் கூச்சம் போல.

"என்ன அங்கிள் சாப்பிடுறீங்க?"

"கஞ்சி. பிஸ்கட்ட தேத்தண்ணில நனைச்சி," என்றார் உர்சுலா.

"கோழி, மீனு?"

அங்கிள் ஒரே ஒரு சொல் சொன்னார். "தவக்காலம்."

எனக்குத் தவக்காலத்தைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் கவிச்சி சேர்க்கமாட்டோம். அந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். சாமி காரியத்தில் தலையிடக் கூடாது. விழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்று தலையாட்டினார். சத்துப் பால் எழுதினேன். புரதமும் கொழுப்பும் வைட்டமினும் அளந்து சேர்த்த மாவு, டின்னில் வருவது. தண்ணீரில் கலக்கி, ஒரு நாளைக்கு மூன்று தடவை.

எழுந்து போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். அதுவும் மாஸ்க்குக்கு மேல் கண்ணால் சிரித்துக்கொண்டே. அவ்வளவு பெரியவர் எனக்குப் போய்.

14 மார்ச்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. "ஆஸ்பத்திரில பால் டின் குடுக்கிற வேலை" என்று தான் வேலை செய்யும் ஸ்கூல் கேன்டீனில் சொல்லியிருக்கிறாள். அப்பா லோரி ஆபீஸில் நேராக "டாக்டர்" என்றே சொல்லிவிட்டார். இரண்டில் எது பொய் என்று யோசித்துக்கொண்டே கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரை நின்றுகொண்டு வந்தேன்.

27 மார்ச், திங்கள்

மரியநாயகம் அங்கிள் இரண்டாம் தடவை வந்தார். ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறார். ஏற வேண்டியவர் இறங்கியிருக்கிறார்.

"ஒழுங்கா குடிக்கிறாரா?"

"குடிக்கிறாரு மிஸ். ஆனா பாதியிலே வச்சிர்றாரு. ரொம்ப இனிக்கிதாம். மூணு நாளைக்கி மேல ஒரே வாசம் கொமட்டுதாம்."

சாக்லெட் வாசனையை மாற்றி வெறும் வெனிலா கொடுத்தேன். மூன்று தடவையை நான்காக்கினேன். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க் மூக்கின் மேல் வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. எல்லாரும் பேசும்போது அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார்கள், நாம்தான் ஏற்றச் சொல்ல வேண்டும். இவர் அப்படியில்லை. ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன்.

மதியம் மிஸ் வாணியிடம் கேட்டேன், குடித்தும் ஏன் இறங்குகிறது என்று.

"கேன்சர் லா சுபா. கட்டி சாப்பிடுது. சாப்பிடாதவங்களுக்கு டின். இன்னும் சாப்பிடாதவங்களுக்கு இன்னொரு டின். ரொம்ப யோசிக்காதே, முடி கொட்டும்."

சிரித்தேன். அவர் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னார்.

12 ஏப்ரல், புதன்

ஆபரேஷன் தள்ளிவைப்பு.

ஈஸ்டர் போன ஞாயிறு முடிந்தது. இன்று அவர் வந்தால் இறைச்சி, மீன் எல்லாம் ஆரம்பித்திருப்பார், எடை கொஞ்சமாவது தெரியும் என்று நம்பியிருந்தேன். மெஷினில் ஏறி நின்றார். மறுபடி குறைவு. இறங்கி மறுபடி ஏறச் சொன்னேன். அதே எண்.

"ஈஸ்டருக்கு என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?"

உர்சுலாதான் சொன்னார். "நான் மட்டன் பெரட்டல் செஞ்சேன். அண்ணன் குடும்பம்லாம் வந்துச்சி. அப்பா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவருக்குத்தான் பால் இருக்கே."

பசியே இல்லை போல என்று எழுதிக்கொண்டேன். பேஷண்ட் குறிப்பில் நான் எழுதிய வரி: பசி குறைவு, சத்துப் பால் முழுதாக எடுப்பதில்லை, ஒத்துழைப்பு குறைவு.

அங்கிருந்து அவர்களை நேராக டாக்டர் யுகேந்திரன் அறைக்கு அனுப்பினார்கள். என்னையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவசரம். "அங்கிள், நான் கத்திய எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒடம்ப எடுத்துக்கிட்டு வரணும். நீங்க ஒத்துழைக்கலன்னா நான் என்னா பண்றது? மே நடுவுல பார்ப்போம்."

மரியநாயகம் அங்கிள் சொன்னது மாஸ்க்குக்குள்ளிருந்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சாரி டாக்டர்."

19 ஏப்ரல்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நோன்புப் பெருநாள் லீவுக்கு முன்னால் கிளினிக்கில் நல்ல கூட்டம்.

26 ஏப்ரல், புதன்

வீடு வந்ததும் முதலில் இதைத்தான் எழுதுகிறேன்.

மரியநாயகம் அங்கிளுக்குத் தலைச்சுற்றல், நேற்று சாயங்காலம் ட்ரிப் போட வார்டில் சேர்த்திருக்கிறார்கள். புது வாசனையில் ஒரு சாம்பிள் பாக்கெட் வந்திருந்தது. காலை ரவுண்டில் கொடுக்க மறந்துபோனேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் வார்டுக்குப் போவதில்லை. பேஷண்டுகளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். சாப்பாட்டைப் பார்க்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள் சாப்பிடும் நேரத்தில் மட்டும் போகமாட்டோம். இதை இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது நான் விநோதமாக நினைத்திருக்கிறேனா?

கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். வேறு வார்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவிருந்தேன். உர்சுலா நாற்காலியில் இருந்ததால்தான் நின்றேன்.

அவர்தான். மாஸ்க் இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு வாய்க்குள் மடிந்து, மூக்கும் தாடையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு — ஒரு பல்கூட இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தட்டில் ஆஸ்பத்திரிக் கோழித் துண்டு அப்படியே இருந்தது. சோற்றில் குழம்பு ஊற்றி, உர்சுலா விரலால் மசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அங்கிள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. பல் எங்கே என்றுதான் கேட்டிருப்பேன்.

உர்சுலா நிமிர்ந்து பார்த்தார். "பல்செட்டு இங்கதான் மிஸ் காணாம போச்சி. பிப்ரவரியில. மூச்சு வாங்குது, கழட்டுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. டிஷூல சுத்தி சாப்பாட்டு ட்ரேல வச்சிருக்காரு. ட்ரேய எடுத்துட்டுப் போயிட்டாங்க. குப்பையில போயிருக்கும். நான் கேட்டேன், தேடிட்டு கூப்பிடுறோம்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியாதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பல்லு இல்லன்னு தெரிஞ்சித்தானே மிஸ் பால் குடுத்தீங்க? நாங்க அப்படித்தான் நெனச்சோம். அதான் வீட்ல சோறுகூட போடுறதில்ல, சாப்பாட்டுக்குப் பதிலா பாலத்தான் குடுக்கிறேன். டாக்டருங்க கணக்கு போட்டுத்தான் குடுப்பாங்கன்னு."

"அங்கிள் தவக்காலம்னு—"

"அது அவருக்கு வெக்கம் மிஸ். பல்லு இல்லாம அவரு சர்ச்சுக்கே போறதில்ல இப்ப. அவரு வயசுக்கு, இந்த ஒடம்புக்கு, உபவாசமே கெடையாது. சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டுங்க அங்கிள், வாயைப் பார்க்கணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. பெரியவர்கிட்ட போய் பல்லு இருக்கான்னு கேக்கறதான்னு கூச்சம். விழுங்க முடியுதான்னு மட்டும் கேட்டுட்டு, மெல்றது விழுங்கறது ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டத்துல டிக் போட்டேன். ஏன் சாப்பிடலன்னு கண்டுபிடி, அப்புறம் சாப்பாட்டைச் சரி பண்ணு, அதுக்கப்புறம்தான் டின் — இதைத்தானே படிச்சேன், நாலு வருஷம் இதைத்தானே படிச்சேன்.

சாம்பிள் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேனா, கையோடு கொண்டுவந்தேனா, ஞாபகம் இல்லை.

27 ஏப்ரல், வியாழன்

மிஸ் வாணியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, பாவம்" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"நோட்ஸ்ல 'பற்கள் இல்லை'ன்னு போடு. போதும். எங்க தொலைஞ்சதுன்னு போடாதே."

"வார்டுலதான் மிஸ்."

"நீ பார்த்தியா? பிப்ரவரியில அந்த ட்ரேய நீ பார்த்தியா? குடும்பம் சொல்றது. குடும்பம் ஆயிரம் சொல்லும் சுபா."

28 ஏப்ரல்

சம்பவ அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயரில். நான் பார்க்காததற்கு 'மகள் கூறியது' என்றும், பார்த்ததற்கு 'நான் பார்த்தது' என்றும் போட்டேன். என் பிழையையும் போட்டேன்: மூன்று சந்திப்பிலும் வாயைப் பரிசோதிக்கவில்லை.



3 மே, புதன்

புதுப் பல்செட் செய்யப் பல நாள் ஆகுமாம். அளவெடுக்க ஒரு தடவை, மெழுகில் வைத்துப் பார்க்க ஒரு தடவை, திருத்த ஒரு தடவை. எடை குறைந்ததில் ஈறும் சுருங்கியிருக்கிறது என்றாராம் பல் டாக்டர். பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கிளினிக். எங்கள் மருத்துவமனை எதையும் ஒப்புக்கொள்ளாததால் உர்சுலாவே அழைத்துப் போகிறார்.

அதுவரை என்ன செய்வது? இன்று உர்சுலாவோடு உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்றால் உண்மையிலேயே பேசினோம், நான் தாளைப் பார்த்துப் படிக்கவில்லை. கஞ்சியில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டுவது. தேங்காய்ப்பாலில் மீனை வேகவைத்து முள்ளெடுத்து மசிப்பது. நெத்திலியைப் பொடியாக்கி எதிலும் தூவுவது. மட்டனைக் குழைய வேகவைத்து மிக்சியில் போட்டு, அதே பெரட்டல் மசாலாவில். பால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், சின்ன டம்ளரில், காப்பி கலந்து.

"காப்பி கலக்கலாமா?" என்றார் உர்சுலா.

"கலக்கலாம்."

"அப்பா ரெண்டு மாசமா காப்பி கேக்கிறாரு மிஸ். டாக்டர் குடுத்த பால்ல எதையும் கலக்கக் கூடாதுன்னு நானே நெனச்சிக்கிட்டேன்."

அங்கிள் மாஸ்க்கைக் கழட்டவில்லை. நானும் இப்போது கேட்கவில்லை. ஆனால் காப்பி என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

10 மே

ஏறியிருக்கிறது. ஒரு கிலோகூட இல்லை. ஆனால் ஏறியிருக்கிறது. மெஷினில் அந்த எண்ணைப் பார்த்ததும் உர்சுலா என் கையைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார்.

சாயங்காலம் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் வடை வாங்கி நானே தின்றேன். யாருக்கும் சொல்லவில்லை.

15 மே, திங்கள்

மிஸ் வாணி அறையில் இன்னொருவரும் இருந்தார், நிர்வாகத்திலிருந்து. அவர் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் அறிக்கை மேசை மேல். இரண்டு வரியில் மஞ்சள் அடித்திருந்தது. வார்டில் தொலைந்தது என்ற வரி, பரிசோதிக்கவில்லை என்ற வரி.

நிர்வாகத்து ஆள் ஆங்கிலத்தில் மென்மையாகப் பேசினார். இந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினால் எல்லாருக்கும் நல்லது, முக்கியமாக எனக்கு. நான் இளையவள். வாழ்க்கை நீளமானது.

மிஸ் வாணி தமிழில் சொன்னார்: "ஒனக்காகத்தான் சொல்றேன். உங்க வீட்ல மொத கிராஜுவேட் நீதானே. அப்பா லோரி ஓட்டிப் படிக்க வச்சாரு. யோசி."

அப்பாவை ஏன் இழுத்தார்? எதிர்த்துப் பேச நூறு வாக்கியம் வந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. என்னை எல்லாரும் திட்டுவது இதற்காகத்தான், வாயைத் திறக்கமாட்டாள் என்று. சரி, திறக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன். நிர்வாகத்து ஆள் கேட்டார், "சரிதானே?" நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே எழுந்துகொண்டார்.

அறிக்கையை மாற்றவில்லை.

17 மே

அம்மாவிடம் சொன்னேன். "மாத்திட்டுப் போயேண்டி" என்றாள். அப்புறம் வெகுநேரம் கழித்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "அந்த ஆளு இப்ப சாப்பிடுறாரா?" என்றாள்.

22 மே, திங்கள்

ஸ்கேன் வந்துவிட்டது. கல்லீரலில் புள்ளிகள். மூன்றோ நான்கோ. மார்ச்சில் இல்லாதவை.

மதியம் டாக்டர்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு பேஷண்டாகப் பேசும் கூட்டம். நான் கடைசி வரிசை. மரியநாயகம் முறை வந்தபோது திரையில் ஒரு பக்கம் வந்தது. ஆபரேஷன் தாமதமானதற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: சத்துக்குறைவு, பேஷண்ட் ஒத்துழைப்பு குறைவு.

என் வரி. என் சொற்கள். பேஷண்ட் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

எழுந்து நின்றேன். "அவருக்குப் பல் இல்லை. எங்கள் வார்டில் தொலைந்தது. அந்த வரியை எழுதியது நான். தப்பாக எழுதினேன்." ஆங்கிலத்தில்தான் சொன்னேன், எவ்வளவு மெல்லச் சொன்னேனோ தெரியவில்லை. முன்வரிசையில் யாரோ "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

டாக்டர் யுகேந்திரன் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையில் அடுத்த பேஷண்ட்.

23 மே

ஆபரேஷன் இல்லை. இனி இல்லை. கீமோ கொடுக்கவும் உடம்பு போதாது. வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று உர்சுலாவிடம் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது என்னைக் கூப்பிடவில்லை.

9 ஜூன், வெள்ளி

மரியநாயகம் அங்கிள் வீட்டுக்கு அனுப்பும் மருந்துச் சீட்டில் இன்னும் சத்துப் பால். நான்கு தடவை. மார்ச்சில் நான் எழுதியதைத்தான் ஒவ்வொரு தடவையும் அப்படியே இழுத்துவிட்டு வருகிறார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

மருந்தகத்துக்குப் போய் நிறுத்தினேன். காரணம் என்ற இடத்தில் 'விரும்பியதைச் சாப்பிடட்டும்' என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண், "மிஸ், இப்படி எழுதினா சிஸ்டம் எடுத்துக்காது" என்றாள். 'தேவையில்லை' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

16 ஜூன்

எல்லா வார்டிலும் ரோஸ் நிறத்தில் மூடி போட்ட டப்பாக்கள் வந்திருக்கின்றன. பல்செட் வைக்க. பேஷண்ட் பெயர் ஒட்ட இடம் விட்டிருக்கிறார்கள். மிஸ் வாணி ஒரு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'பேஷண்ட் நலனே எங்கள் நோக்கம்.' ஏன் வந்தது என்று படத்தில் இல்லை.

எனக்கு அடுத்த மாதத்திலிருந்து கிளினிக் இல்லை. லாபியில் சத்துப் பால் விளம்பர மேசை. சாம்பிள் கலக்கிக் கொடுக்க வேண்டும். 'மக்களோடு பேசிப் பழகு, உன் கூச்சம் போகும்' என்றார் மிஸ் வாணி. தண்டனை மாதிரியே சொல்லவில்லை. அதுதான் அவரிடம் கெட்டிக்காரத்தனம்.

25 ஜூன்

உர்சுலா மெசேஜ். பல்செட் வந்துவிட்டது. "டைம் இருந்தா வாங்க மிஸ். அப்பா கூப்பிடல, நான்தான் கூப்பிடுறேன்."

2 ஜூலை 2023, ஞாயிறு

போனேன்.

பிரிக்பீல்ட்ஸ், பழைய அடுக்குமாடி, நான்காவது மாடி. படியில் ஏறும்போதே மட்டன் வாசம். என்ன வாங்கிக்கொண்டு போவது என்று வழியெல்லாம் யோசித்தேன். நோயாளி வீட்டுக்கு எல்லாரும் வாங்கிக்கொண்டு போவது பால் டின், அதை நான் வாங்க முடியாது. பூ வாங்கினேன். அதுவும் அபத்தமாக இருந்தது.

அங்கிள் மேசையில் உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாகியிருக்கிறது. கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் கன்னம் திரும்ப வந்திருந்தது. புதுப்பல் முகத்துக்குக் கொஞ்சம் பெரியது. மாஸ்க் இல்லை, துண்டு இல்லை. நல்ல முகம். இளமையில் அழகாக இருந்திருப்பார்.

என்னைப் பார்த்தார். "யாரும்மா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரி மிஸ் பா. பால் எழுதிக் குடுத்தவங்க," என்றார் உர்சுலா அடுப்படியிலிருந்து.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கோபமாக இல்லை. ஆச்சரியமாக.

"இவ்ளோ சின்னப் புள்ளையா? நான் பெரிய ஆளுன்னு நெனச்சேன். பெரிய ஆளு சொல்றாங்களேன்னுதான் அவ்ளத்தையும் குடிச்சேன்."

நின்றுகொண்டே இருந்தேன். நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். அவர் ஒரு துண்டு மட்டனை வாயில் போட்டு மெதுவாக மென்றார். எவ்வளவு நேரம் மென்றார். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். தட்டில் மிச்சம் அப்படியே இருந்தது. மெல்ல முடிகிறது, வயிறுதான் இப்போது கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "டாக்டர்கிட்ட கேட்டேன், சிரிச்சிட்டு தோளத் தட்டுறாரு. இவகிட்ட கேட்டா அழுவுறா. பல்லு இருந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருப்பாங்களா?"

உர்சுலா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. நிர்வாகத்து ஆளும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார்.

"உறுதியா சொல்ல முடியாது அங்கிள்," என்றேன். "ஆனா பண்ணியிருக்க வாய்ப்பு இருந்திச்சி. ஏப்ரல்ல உங்க ஒடம்பு தாங்கலன்னுதான் தள்ளி வச்சாங்க. ஒடம்பு தாங்காததுக்கு, நீங்க சாப்பிட முடியாம போனது ஒரு காரணம். பல்ல நாங்கதான் தொலைச்சோம். நீங்க ஒத்துழைக்கலன்னு நான்தான் எழுதினேன். உங்க வாயை நான் பார்க்கவே இல்ல."

இவ்வளவு நீளமாக யாரிடமும் நான் பேசியதில்லை.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு எலும்பை ஓரமாகத் தள்ளினார்.

"ம்," என்றார். "அப்ப நான் நெனச்சது சரிதான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், சொல்லவில்லை.

பிறகு உர்சுலாவிடம், "அந்தப் புள்ளைக்குச் சோறு போடு," என்றார்.

உர்சுலா உடனே அசையவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு அவர் உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டார், மட்டனை வைத்தார், தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

சாப்பிட்டேன். அங்கிளும் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் மென்றுகொண்டிருந்தோம்.